நீதிமன்றத்திலிருந்து ஒரு காகிதம் வந்தால்...

 

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் மஃரிப் தொழுகைக்குப் பிறகு நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு ஒரு சகோதரி வந்தார். கணவர் மர்ஹூமாகி இரண்டு வருடம் ஆகிறது. தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். கையில் பழுப்பு நிற உறை ஒன்று. "கோர்ட்ல இருந்து வந்துச்சு பாய். போலீஸ் வந்துடுமோன்னு பயந்து ப்ரிட்ஜ் மேல வச்சுட்டேன்" என்றார். எப்போது வந்தது என்று கேட்டேன். மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பிரித்துப் பார்த்தால் அது சிவில் நீதிமன்றத்தின் சம்மன். கணவர் உயிரோடு இருந்தபோது ஒருவரிடம் புரோநோட்டு எழுதிக் கொடுத்துக் கடன் வாங்கியிருக்கிறார். கடன் கொடுத்தவர் வாரிசுகள் மீது வழக்குப் போட்டிருக்கிறார். போலீசுக்கும் இந்தக் காகிதத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆஜராக வேண்டிய தேதி எப்போதோ போய்விட்டது. காகிதத்தில் இருந்த வழக்கு எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டுப் பார்த்தோம். பன்னிரண்டு நாட்களுக்கு முன் அவருக்கு எதிராக எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆகியிருந்தது. எதிர்த்தரப்பு வராததால், வந்த தரப்பு சொன்னதை மட்டும் கேட்டுக் கொடுத்த தீர்ப்பு என்று பொருள்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், அந்தச் சகோதரியிடம் சொல்வதற்கு நல்ல பதில் இருந்தது. இறந்தவரின் கடனுக்கு வாரிசுகள் தங்கள் சொந்த உழைப்பிலிருந்து கட்டியாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இறந்தவர் விட்டுச் சென்ற சொத்து எந்த அளவுக்குக் கைக்கு வந்ததோ அந்த அளவுக்குத்தான் பொறுப்பு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. இது போதாதென்று, கடனில் ஒரு பகுதியைக் கணவர் திருப்பிக் கொடுத்ததற்கான ரசீதுகளும் வீட்டில் பத்திரமாக இருந்தன. எல்லாம் இருந்தும் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்ல ஆள் போகவில்லை.

இதைப் படிக்கிற நம் வீடுகளிலும் ப்ரிட்ஜ் மேல் ஏதாவது உறை இருக்கலாம். அதனால்தான் இந்த மாதம் நீதிமன்றச் சொற்களைப் பற்றி எழுதலாம் என்று நினைத்தேன். நான் வக்கீல் அல்ல. டிரஸ்ட் வேலையாகப் பதினைந்து வருடமாகப் பாரிமுனைக்கும் சைதாப்பேட்டைக்கும் அலைந்ததில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

சிவிலா, கிரிமினலா?

எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். பணம், சொத்து, வாடகை, பாகப்பிரிவினை போன்ற தனிமனிதர்களுக்கு இடையிலான உரிமைத் தகராறு சிவில் வழக்கு, அதாவது உரிமையியல். அதில் வழக்குப் போட்டவர் வாதி, எதிர்கொள்பவர் பிரதிவாதி. தோற்றால் போவது பணமோ சொத்தோ. குற்றம் நடந்ததாகச் சொல்லப்படுவது கிரிமினல், அதாவது குற்றவியல். அங்கே வழக்கு நடத்துவது அரசு. புகார் கொடுத்தவர் அதில் ஒரு சாட்சி மாத்திரமே. "நான் கொடுத்த கேஸ்தானே, நானே வாபஸ் வாங்கிக்கறேன்" என்று பலர் வந்து சொல்வார்கள். அது அவர்கள் கையில் இல்லை. சில குற்றங்களில் இரு தரப்பும் சமாதானமாகப் போகச் சட்டமே இடம் தருகிறது. மற்றவற்றில் வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது செக் வழக்கு. பார்வைக்குப் பணத் தகராறு, நடப்பதோ மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில். கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பினால், வங்கி தகவல் சொன்ன 30 நாட்களுக்குள் செக்கை வைத்திருப்பவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது நம் கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கே வராது. கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் அவர் வழக்குப் போடலாம். இரண்டு வருடம் வரை சிறை, செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம். வட்டிக்கடைக்காரரிடம் வெற்று செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பழக்கம் நம் பகுதியில் எத்தனை வீடுகளில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த 15 நாள்தான் தப்பிக்கும் வாசல்.

வக்கீல் நோட்டீஸ் வேறு, கோர்ட் சம்மன் வேறு. வக்கீல் நோட்டீஸ் என்பது எதிர்த்தரப்பின் கடிதம். அதற்குப் பதில் அனுப்புவது நல்லது, ஆனால் அது நீதிமன்ற உத்தரவு அல்ல. சம்மனில் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், முத்திரை, ஆஜராக வேண்டிய தேதி எல்லாம் இருக்கும். அதை வாங்க மறுத்தால் வழக்கு நின்றுவிடும் என்று நினைப்பது பெரிய தவறு. தபாலில் வந்ததை மறுத்துத் திருப்பினால் கொடுத்துவிட்டதாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். அமீனா நேரில் கொண்டுவந்து நாம் மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போகலாம். வாங்கிக்கொண்டால் என்ன ஆகும்? எதிர்வாதத்தைத் தாக்கல் செய்ய 30 நாள் கிடைக்கும். தக்க காரணம் சொன்னால் 90 நாள் வரை நீட்டிக் கொடுப்பார்கள்.

நாம் அறிந்த சொற்கள்தான்

மதரஸாவில் ஓதிவிட்டுக் கல்லூரிக்குப் போனவன் நான். முதல் முறையாக ஒரு வழக்குக் கட்டைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாதிச் சொற்கள் அரபி! முகலாயர் காலத்திலும் ஆற்காடு நவாபுகள் காலத்திலும் பாரசீகம் ஆட்சிமொழியாக இருந்தது. அதன் வழியாக வந்த அரபிச் சொற்கள் கச்சேரியில் தங்கிவிட்டன.

நிக்காஹ்வில் பெண்ணின் சம்மதத்தைக் கேட்டு வருபவரை வகீல் என்கிறோம். நம் சார்பாகப் பேச நாம் அதிகாரம் கொடுத்தவர். வக்கீலும் அவ்வளவுதான். அந்த அதிகாரத்தை எழுதிக் கொடுக்கும் தாள் வக்காலத்து. அதனால்தான் வெற்று வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், எந்த வழக்குக்கு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள் என்று சொல்வேன். ஹாளிர் என்பது ஆஜர் ஆயிற்று. வஃதா, வாக்குறுதி, வாய்தா ஆயிற்று. நீதிமன்றம் குறித்துக் கொடுக்கும் அடுத்த தேதி அது. வாய்தா வாங்கியே வருடங்களை ஓட்டுகிறார்கள் என்பது வேறு விஷயம். உரிமை கோருவது தஃவா, இங்கே தாவா. அழைப்புப் பணிக்கு நாம் சொல்லும் தஃவாவும் அதே வேரில் பிறந்தது, பொருள் வேறு. அமானிதத்துக்கு உரியவர் அமீன். அவரே அமீனா. கைப்பற்றுவது ஜப்தி, கட்டி வைப்பது கைது, திருப்பித் தள்ளுவது ரத்து, மூலம் அசல், பிரதி நகல். இரு தரப்பும் ராளியாகி, மனம் ஒப்பி, முடித்துக்கொள்வது ராஜி. மாமூல் என்பதும் அரபிதான். அதை இங்கே விளக்க வேண்டாம்!

எல்லாவற்றிலும் நான் அதிகம் எச்சரிக்கும் சொல் ஜாமீன். ளாமின் என்றால் பொறுப்பேற்பவர். சட்டப் புத்தகத்தில் பிணை என்று போட்டிருக்கும். தெரிந்தவர் மகன் என்று ஒருவருக்கு ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட்டால், அவன் வாய்தாவுக்கு வராமல் ஓடிவிட்டால், நாம் எழுதிக் கொடுத்த தொகையை நீதிமன்றம் நம்மிடம் கேட்கும். உதவி செய்ய வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆள் யார், எவ்வளவு தொகை என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

போலீஸ் பக்கம்

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் சட்டங்கள் போய்ப் புதியவை வந்துவிட்டன. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா, நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. பிரிவு எண்கள் மாறிவிட்டன. அடிப்படை பெரும்பாலும் மாறவில்லை.

புகார் கொடுத்தால் நம் ஊரில் முதலில் தருவது சி.எஸ்.ஆர். ரசீது. அது எஃப்.ஐ.ஆர். அல்ல. முதல் தகவல் அறிக்கை போட்டால்தான் விசாரணை முறையாகத் தொடங்கும். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குடும்பத் தகராறு, வணிகத் தகராறு போன்ற சிலவற்றில் முதலில் பூர்வாங்க விசாரணைக்கு இடம் உண்டு. குற்றம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும். புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். ஸ்டேஷனில் மறுத்தால் உயர் அதிகாரிக்குத் தபாலில் எழுதலாம், அதற்கும் பலன் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது செய்யத் தேவையில்லை என்றால் போலீஸ் 35-ஆம் பிரிவின்படி நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்கு வரச் சொல்லும். அதற்குப் போகத்தான் வேண்டும். ஒழுங்காகப் போய் வருபவரைக் காரணம் எழுதாமல் கைது செய்ய முடியாது. அந்த நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சாட்சி சொல்ல என்று அழைத்தால் பெண்களும், 15 வயதுக்கு உட்பட்டவர்களும், 60 வயதைத் தாண்டியவர்களும், உடல்நலம் மிகவும் குன்றியவர்களும் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை. வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும்.

கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், குடும்பத்தாருக்குத் தெரிவிக்க வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது அரசியல் சாசனத்தின் 22-ஆம் பிரிவு வரை போகிற உரிமை. சூரியன் மறைந்த பின் விடியும் வரை பெண்களைக் கைது செய்யக்கூடாது. விதிவிலக்கான நிலையில் பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்டின் அனுமதி பெற்றுத்தான் செய்ய வேண்டும்.

"ஜாமீனில் விடக்கூடாத குற்றம்" என்று கேட்டதும் தாய்மார்கள் அழுதுவிடுகிறார்கள். ஜாமீனே கிடைக்காது என்று அதற்கு அர்த்தமில்லை. ஸ்டேஷனிலேயே உரிமையாகக் கேட்க முடியாது, நீதிமன்றம் யோசித்துத் தரும் என்பதுதான் அர்த்தம். 60 நாளில், கடுமையான குற்றமென்றால் 90 நாளில், போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமையாகவே ஆகிவிடும். ஆனால் கேட்க வேண்டும். குற்றப்பத்திரிகை வந்த பிறகு கேட்டால் அந்த உரிமை போய்விட்டது.

இன்னொன்று. வீடியோ காலில் போலீஸ் உடையில் ஒருவன் வந்து "உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், போனை வைக்காதீர்கள், பணம் அனுப்புங்கள்" என்பான். இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. போனை வைத்துவிட்டு 1930-க்குப் புகார் சொல்லுங்கள்.

அமெரிக்கக் கோர்ட்டும் நம் கோர்ட்டும்

நம் பிள்ளைகள் பலர் அமெரிக்காவில் இருக்கிறார்கள். இங்கே இருக்கும் பிள்ளைகளும் அந்த ஊர்த் தொடர்களைப் பார்க்கிறார்கள். போலீஸ் விலங்கு மாட்டும்போதே "நீ பேசாமல் இருக்க உனக்கு உரிமை உண்டு" என்று ஒப்பிக்கும் காட்சியைப் பார்த்துவிட்டு, இங்கேயும் அப்படிச் சொல்வார்களா என்று என் மருமகன் கேட்டான். அது 1966-ல் மிராண்டா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்படுத்தியது. காவலில் வைத்து விசாரிப்பதற்கு முன் அந்த எச்சரிக்கையைச் சொல்ல வேண்டும். நம் நாட்டில் ஒப்பிக்கும் வழக்கம் இல்லை. ஆனால் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் குற்றம் சாட்டப்பட்ட எவரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்று நம் சாசனத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. இன்னும் ஒரு படி மேலே போய், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கச் சாட்சியமாக எடுக்கக்கூடாது என்று 1872-லிருந்தே சட்டம் இருக்கிறது. அமெரிக்காவில் எச்சரித்த பிறகு மனமுவந்து சொன்னால் அது சாட்சியம். இந்த ஒரு விஷயத்தில் நம் சட்டம் உறுதியானது.

அங்கே பெரிய குற்ற வழக்கில் தீர்ப்புச் சொல்வது ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த நடுவர் குழு. நீதிபதி தண்டனையைப் பார்த்துக்கொள்வார். நம் மெட்ராஸ் ஹைகோர்ட்டிலும் ஜூரி இருந்தது. பெரியவர்களுக்கு லட்சுமிகாந்தன் கொலை வழக்கு நினைவிருக்கும். 1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் குற்றம் சாட்டப்பட்டார்கள். 1945-ல் ஜூரி குற்றவாளிகள் என்றது, ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை மேல்முறையீடு போய், திரும்பி வந்து, 1947-ல் இருவரும் விடுதலை ஆனார்கள். அதற்குள் பாகவதரின் சினிமா வாழ்க்கை சரிந்துபோயிருந்தது. மேல்முறையீடு என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சுதந்திரத்துக்குப் பின் ஜூரி முறை படிப்படியாகக் குறைந்தது. 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதற்கு இடமே இல்லை.

அமெரிக்காவில் விபத்து வழக்குகளில் "ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு" என்று வக்கீல் பேசிக்கொள்ளலாம். இங்கே பார் கவுன்சில் விதிகள் அதைத் தடை செய்கின்றன. விபத்தில் அடிபட்டவர் வீட்டுக்கு ஆள் அனுப்பி நஷ்டஈட்டில் சதவீதம் கேட்டால், அது முறையல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள்.

செலவுக்கு என்ன செய்வது?

1987-ன் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும். குழந்தைகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் அப்படியே. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்தில் ஆணைய அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். வழக்கு லோக் அதாலத்தில் ராஜியாக முடிந்தால் கட்டிய கோர்ட் ஃபீசும் திரும்பக் கிடைக்கும். ஒன்று மட்டும் கவனம்: அங்கே கையெழுத்துப் போட்ட பிறகு மேல்முறையீடு இல்லை. தொகையை வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டுப் போங்கள்.

அந்தச் சகோதரிக்கும் இப்படித்தான் இலவச வக்கீல் கிடைத்தார். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க, தீர்ப்புத் தேதியிலிருந்து 30 நாள். பன்னிரண்டு போக மிச்சம் பதினெட்டு நாள் இருந்தது. ஒன்பதாம் நாள் மனுவைத் தாக்கல் செய்தோம். வராமல் போனதற்குக் காரணம் கேட்டார்கள். நோயும் பயமும் என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். எதிர்த்தரப்புக்குச் செலவுத் தொகையாகக் கொஞ்சம் கட்டச் சொல்லி, நீதிமன்றம் மனுவை ஏற்றது. அல்ஹம்துலில்லாஹ். வழக்கு இன்னும் நடக்கிறது, ரசீதுகள் இப்போது கோர்ட் கட்டில் இருக்கின்றன. அடுத்த வாய்தா அடுத்த மாதம்.

ஏதாவது காகிதம் வந்திருந்தால் இஷாவுக்கு முன் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், இன்ஷா அல்லாஹ் சேர்ந்து படிப்போம். உறையைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், அதையும் கொண்டு வாருங்கள். எந்தத் தேதியில் கிடைத்தது என்பதுதான் வக்கீல் கேட்கும் முதல் கேள்வி. அதற்குப் பதில் தபால் முத்திரையில் இருக்கிறது.

வஸ்ஸலாம்.
செயலாளர்